இடது கை இலைகள்

வேலியோரம் முளைத்திருந்த சாசஃப்ராஸ் கன்றில் எல்லா இலைகளும் ஒரே மாதிரி இருந்தன. வெண்டலுக்கு முதலில் உறுத்தியது அதுதான். அந்த மரம் ஒரே கிளையில் மூன்று வித இலை விடும். முட்டை வடிவில் ஒன்று, கட்டைவிரல் வைத்த கம்பளிக் கையுறை போல ஒன்று, மூன்று விரல் விரித்தாற்போல் ஒன்று. கெண்டக்கி மலையில் பிறந்த பொடிசுக்குக்கூட இது தெரியும். இந்தக் கன்றிலோ அத்தனையும் கையுறை. அத்தனையும் இடது கை.

அவன் அண்ணன் க்ரீடின் இடது கை அப்படித்தான் இருந்தது. மரம் அறுக்கும் ஆலையில் நாலு விரலும் போய், கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய கை.

"இதை நட்டது நீயா?" என்று மனைவியைக் கேட்டான்.

ஆர்ஃபா சிரித்தாள். "நட்டா பிழைக்கிற மரமா அது? தானா வந்திருக்கு, இருந்துட்டுப் போகட்டும். வேரை வெட்டி டீ போடலாம். க்ரீட் எனக்குக் கொண்டாந்து குடுப்பானே, அந்த மாதிரி."

அந்தப் பெயரை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்! அவள் க்ரீடுக்கு நிச்சயமானவள். கல்யாணத்துக்கு முன்பே அவன் ஓஹாயோவுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்கு ஓடிப்போய்விட்டான் என்று ஊரே நம்பியது. மேட்டிலிருந்த பாழுங்கிணற்றில் அவனைத் தள்ளிக் கல்லைப் போட்டு மூடிய கதை வெண்டலுக்கு மட்டுமே தெரியும். இப்போது அந்தக் கிணற்றின்மேல் சாசஃப்ராஸ் புதர் மண்டிக் கிடந்தது.

அன்றே கோடாலியை எடுத்தான். அங்கேதான் புத்தி பேதலித்துவிட்டது. சாசஃப்ராஸை வெட்டினால் வேர் சும்மா இருக்காது, வெட்டிய இடத்தைச் சுற்றிப் பத்தாக முளைக்கும். தெரிந்தும் வெட்டினான். முளைத்தது. மறுபடி வெட்டினான். கோடை முழுக்க, வெட்டுப்பட்ட பட்டையிலிருந்து எலுமிச்சையும் சோம்பும் கலந்தாற்போல் ஒரு வாசனை கிளம்பி, அவன் சட்டையில், தலையணையில், தின்னும் சோள ரொட்டியில்கூட ஏறிக்கொண்டது. படுத்தால் தரைப்பலகைக்கு அடியில் எதுவோ மெல்ல நகர்ந்து, நின்று, மறுபடி நகரும் சத்தம் கேட்டது. பீன்ஸ் பாத்தியைத் தாண்டி, துணி காயும் கொடியைத் தாண்டி, கன்றுகள் ஒரே வரிசையில் வீட்டை நோக்கி வந்தன.

வெட்டிய கிளைகளைக் கொல்லையில் வீசினான். பிறகு அவை அங்கே இல்லை. எங்கே போயின என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இலையெல்லாம் ரத்தச் சிவப்பான ஓர் அக்டோபர் மாலை. மழை பிடித்துக்கொண்டது. வெண்டல் நனைந்து வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கதகதப்பு இதமாக இருந்தது.

அப்புறம்தான் மூக்கில் ஏறியது. அதே வாசனை.

அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தான். பட்டை உரிந்த கட்டைகள் படபடவென்று வெடித்தன.

"அடிப்பாவி! சாசஃப்ராஸையா போட்ட? வீட்டுக்குள்ள அதை எரிச்சா அந்த வீட்ல சாவு விழும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே," என்றாள் ஆர்ஃபா. "எங்க அம்மா அதுல ஒரு குச்சியக்கூட வாசப்படி தாண்ட விட மாட்டா. நான்தான் கோடை பூரா காயவெச்சேன்."

அவன் அடுப்புக் கதவை அறைந்து சாத்தினான்.

"டீக்கு வேர் தோண்டினேன், வெண்டல். அது நீண்டுக்கிட்டே போச்சு. பிடிச்சுக்கிட்டே மேடு வரைக்கும் தோண்டிப் போனேன். கிணத்துல, க்ரீடுகிட்டப் போய் முடிஞ்சுது."

"ஆர்ஃபா, நான் சொல்றதைக் கேளு..."

"போலீஸ் ஷெரீப்கிட்டப் போயிருப்பேன். ஜெயில்ல போட்டு மூணு வேளை சோறு போடுவாங்க. அது உனக்கு ரொம்பக் கம்மிடா."

அவள் கெட்டிலை எடுத்து இரண்டு கோப்பைகளில் சிவந்த டீயை ஊற்றினாள். ஒன்றைத் தன் பக்கம் வைத்தாள். மற்றொன்றைக் காலி நாற்காலிக்கு முன்னால் நகர்த்தினாள்.

"உனக்கு இல்ல," என்றாள்.

தரைக்கு அடியில் நகர்ந்தது. நின்றது.

வாசற்படிப் பலகை கிரீச்சிட்டது. ஜன்னல் கண்ணாடியில் சிவப்பு இலைகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின. அத்தனையும் இடது கை.

வெண்டல் கொல்லைக் கதவுக்கு ஓடினான். தள்ளினான். தோளால் இடித்தான். வெளியே மரம் அடைத்துக்கொண்டு நின்றது.

"வா க்ரீட்," என்றாள் ஆர்ஃபா. அவள் குரல் அழுகையில் நடுங்கியது. "ஆறிடப் போகுது."

தாழ்ப்பாள் தெறித்து, வாசல் கதவு விரியத் திறந்தது.

நிலையைப் பற்றியபடி ஒரு கை உள்ளே வந்தது. மண் அப்பிய இடது கை. கட்டைவிரல் பழைய கட்டைவிரல்தான். போன நாலு விரல்களின் இடத்தில் நாலு வேர்கள் முளைத்திருந்தன. அவை தரையைத் தடவித் தடவி, நீண்டு, வெண்டலின் கால் பக்கம் வந்துகொண்டிருந்தன.