வாளி மறைகிற தூரம்

வாளியை எடுத்த பிறகும் திரையில் ஏதோ நின்றுகொண்டிருந்தது.

வண்டி விற்பவர் ஒரு சிவப்பு வாளியைப் பம்பருக்கு முன்னால் வைத்துவிட்டு, "இப்ப தெரியுதா சிஸ்டர்?" என்று குரல் கொடுத்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் கழுத்தை எக்கி உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டில் போல அகன்ற பானட்டும், அதற்கு அப்பால் எண்ணெய்க் கறை படிந்த சிமெண்ட் தரையும், தகரக் கதவின் இடுக்கு வழியாக விழுந்த வெயில் கீற்றும்தான். இல்லையென்று தலையாட்டினாள். "அப்ப திரையைப் பாருங்க." டாஷ்போர்டில் பதித்திருந்த உள்ளங்கை அகலத் திரையில், நீலம் பாய்ந்த தரைமேல் வாளி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அவர் கையை நீட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். வாளி போன இடத்தில் இரண்டு பாதங்கள் நின்றன.

சின்னப் பாதங்கள். செருப்பில்லை. குதிகால்கள் இந்தப் பக்கம் பார்த்திருந்தன. ஈரமாக இருந்தன. கணுக்காலோடு படம் முடிந்துபோயிருந்தது.

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது.

"என்ன சிஸ்டர், என்ன தேடுறீங்க?"

"யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு."

"நான்தான் நின்னேன்" என்றார் அவர். அவர் காலில் கறுப்பு பூட்ஸ் இருந்தது.

அவருக்கு அவள் மனதுக்குள் பாலிஷ் என்று பெயர் வைத்திருந்தாள். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. எதைப் பற்றிப் பேசுகிறாரோ அதைத் துடைத்துக்கொண்டே பேசுவார். ஆறு அங்குலம் தூக்கிய சஸ்பென்ஷனைத் துடைத்தார். சேற்றில் சிக்கினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்னால் பொருத்திய வின்ச்சைத் துடைத்தார். ஓடையில் இறங்கினாலும் எஞ்சினுக்குக் காற்றுப் போக, கூரை வரை ஏறிய குழாயைத் துடைத்தார். "கம்பெனியில வந்த மாதிரி இதுல ஒண்ணு கூட இல்ல. எல்லாம் நம்ம ஷெட்ல செஞ்சது. இவ்வளவு தூக்கி, இவ்வளவு பெரிய பம்பர் போட்டா முன்னாடி நாலஞ்சு அடிக்குக் கண்ணு தெரியாது. அதுக்குத்தான் கேமரா."

அவளுக்கு இந்த வண்டி வேண்டியிருந்தது. மலையில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதான் பிரசவம் பார்க்கிற நர்ஸ். போன மழையில் அவளுடைய சின்னக் கார் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட, அந்தப் பக்கத்தில் ஒரு தாய் தண்ணீர் கேட்டபடி கிடந்தாள். கயிற்றைப் பிடித்து இடுப்பளவு நீரில் கடந்து, இரண்டு மணி நேரம் நடந்து அவள் போய்ச் சேர்ந்தபோது உயிர் போன அந்தக் கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இந்த மழையில், அதே மேல் குடியிருப்பில், மரம் அறுக்கிறவரின் மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது. வாங்கினால் இப்போதே வாங்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சு ஓட்டுங்க. பிடிச்சா பேப்பர் மாத்திக்கலாம், பிடிக்கலேன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போங்க" என்றார் பாலிஷ், சாவியைத் துடைத்தபடி.

வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்ததும் அவள் கணவர் கையில் இருந்த தையல் அளவு நாடாவோடு வெளியே வந்தார். சக்கரத்தின் உயரத்தை அளந்தார். தன் இடுப்பை அளந்தார்.

"இதுல ஏற ஏணி கொடுத்தாரா, இல்ல அதையும் நாமதான் வாங்கணுமா?"

"உங்களை யாரு ஏறச் சொன்னா?"

"சரிதான். ஒரு வருஷமா நீ ராத்திரியில அந்தப் பொண்ணுக்குத் தண்ணி கொடு, தண்ணி கொடுன்னு புலம்புறது எனக்குத்தானே கேக்குது. வாங்கும்மா. வாங்கித் தொலை."

அவள் சிரித்தாள். எஞ்சினை அணைக்கத் திரும்பியபோது திரை கண்ணில் பட்டது. வாசல் கல். அதன்மேல் பாதங்கள். இந்தத் தடவை பக்கவாட்டில் நின்றன.

வெள்ளிக்கிழமை முழுக்க இறங்கி இறங்கிப் பார்த்தாள். வண்டி ஓடும்போது திரையில் ஒன்றும் இல்லை; தரை மட்டும் ஆறு போல உள்ளே ஓடி மறையும். நிறுத்தினால் வரும். சந்தைத் தெருவில், ஆரம்ப சுகாதார நிலையத்து மரத்தடியில், பெட்ரோல் பம்ப்பில், பாதை அரித்துப்போன மேட்டில், எங்கே பிரேக்கை அழுத்தினாலும் எஞ்சின் உறுமல் தணிகிற அந்த இடைவெளியில் நீலத் தரையில் இரண்டு பாதங்கள் மெல்லத் தெளிந்து நிற்கும். அவள் பிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்து, இரும்புப் படியில் காலை வைத்து இறங்கி, அனல் வீசும் பானட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்க் குனிந்து பார்ப்பாள். சூடான ரப்பர் வாசனை. புதுப் பெயின்ட் வாசனை. அதற்கு அடியில், பம்பருக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனால் மட்டும், நனைந்த பள்ளிக்கூடப் பை போல ஒரு வாசனை. வேறொன்றும் இருக்காது.

ஆனாலும் இறங்காமல் இருக்க அவளால் முடியவில்லை. இறங்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்யும் கேடுகளில் பாதி, அந்த அரை நிமிடத்தைக் கொடுக்க மனமில்லாததால்தான் என்று அவள் நம்பினாள். கடவுள் தன்னிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை, இந்த மாதிரிச் சில்லறை நிமிடங்களைத்தான் கேட்கிறார் என்றும் நம்பினாள். அன்று பதினோரு தடவை இறங்கினாள்.

பதினோராவது தடவை ஏறி உட்கார்ந்தபோது பாதங்கள் திரும்பியிருந்தன. பத்து விரல்கள். அவளைப் பார்த்து.

அவள் பாலிஷுக்குப் போன் செய்தாள்.

"அதுவா சிஸ்டர், பழைய படம் உள்ளேயே தங்கிப்போறது. சில கேமராவுல அப்படி வரும். ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைச்சிருங்க, பழகிரும்."

"முன்னாடி வெச்சிருந்தவர் இதைச் சொல்லலியா?"

"அவர் ஓட்டினப்போ கேமராவே கிடையாதே. வண்டி திரும்ப நம்மகிட்ட வந்தப்புறம்தான் வெச்சோம்."

"ஏன் வெச்சீங்க?"

துணி எதையோ தேய்க்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தேய்த்தது.

"வெச்சிருக்கலாமேன்னு தோணுச்சு" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே தோன்றியது. அறுக்கிறவரின் மனைவி நினைவுக்கு வந்தாள். மலை உச்சியில் மேகம் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியை எடுத்து, கண்ணைத் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவித் திரை முழுக்க மூன்று பட்டையாக ஒட்டினாள். வாளி மறைகிற அந்தத் தூரம் இனி தனக்குக் குருடு என்று தெரிந்துதான் ஒட்டினாள். கிளப்புகிற ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பார்ப்பேன் என்று தனக்கே வாக்குக் கொடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியத்திலிருந்து மழை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வந்தது. அறுக்கிறவர்.

"சிஸ்டர், மத்தியானத்துல இருந்து வலி. அவ பேச மாட்டேங்குறா. தண்ணி தண்ணின்னு மட்டும் சொல்றா."

"கொஞ்சமா கொடுங்க. நான் கிளம்பிட்டேன்."

"ஓடை நிறைய போகுது சிஸ்டர்."

"வண்டி இருக்கு. வந்துருவேன்."

"மேல பாதை ரெண்டா பிரியுதுல்ல, அங்க டார்ச்சோட ஆளை நிறுத்தறேன். மூடுபனியில இடது பக்கம் இறங்கிடாதீங்க, பள்ளம்."

ஓடையில் தண்ணீர் பானட்டைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. போன வருடம் கயிற்றைப் பிடித்து நின்ற கல் சக்கரத்துக்கு அடியில் எங்கோ கரகரத்துப் பின்னால் போனது. மறுகரையில் ஏறியபோது அவளுக்கு அழுகை வந்தது. வாங்கிவிடலாம். வாங்கத்தான் வேண்டும். இந்த ஒரு ஓடைக்காகவே வாங்கலாம். "கடவுளே, அவளைப் பிடிச்சு வை" என்று சத்தமாகச் சொன்னாள்.

மேலே மூடுபனி. கூரை விளக்குகள் ஆறையும் போட்டாள். வெளிச்சம் முன்னால் போகவில்லை. பனியில் முட்டிக் கண்ணுக்கே திரும்பி வந்தது. கண்ணாடிக்கு வெளியே பால் ஊற்றியது போல ஒரே வெள்ளை. வைப்பர் அழுதுகொண்டே போய் வந்தது. பாதை பிரிகிற இடம் என்று நினைத்த இடத்தில் நிறுத்தினாள். டார்ச்சைத் தேடினாள். எங்கும் வெள்ளை. ஹாரனை ஒருமுறை அழுத்தினாள்.

காத்திருந்தாள்.

டக்.

முன்னால். கீழே. இரும்பில்.

டக். டக்.

பிளாஸ்திரியின் ஓரத்தில் நீல வெளிச்சம் கசிந்தது. அவள் கை கதவுக் கைப்பிடிக்குப் போனது. அங்கேயே நின்றது. அது விரல்களை இந்தப் பக்கம் திருப்பி நிற்கிறது. இறங்கினால் யாரும் இருக்கமாட்டார்கள். பதினோரு தடவை யாரும் இல்லை. இன்று தட்டவும் கற்றுக்கொண்டுவிட்டது. இறங்கச் சொல்கிறது. இந்தப் பனியில், தனியாக, தன் முன்னால் வந்து குனியச் சொல்கிறது.

கையை இழுத்து ஸ்டீயரிங்கில் வைத்தாள்.

மேலே ஒருத்தி தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மத்தியானத்திலிருந்து.

டக்.

"போ" என்றாள் அவள். "போயிடு."

அரை நிமிடம்.

கொடுக்கவில்லை.

முதல் கியர். வலது பக்கம் ஒடித்தாள். வண்டி மெல்ல எழும்பி, மெல்ல இறங்கியது. பிறகு பின்சக்கரம். எழும்பி, இறங்கியது. நல்ல சஸ்பென்ஷன். பையில் இருந்த மருந்துப் புட்டிகள் கூடச் சத்தம் போடவில்லை.

குழந்தை ஏழு மணிக்குப் பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை. அவளுக்கு அது தெரிந்தது. கொடியை விடுவித்து, முதுகைத் தட்டி, அந்த முதல் அழுகை தகரக் கூரையில் மழையை மீறி எழுந்தபோது அவள் சுவரில் சாய்ந்தாள். தாய்க்குத் தானே தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். அவள் குடிப்பதை, தொண்டை ஏறி இறங்குவதை, கண் எடுக்காமல் பார்த்தாள்.

"பொண்ணா சிஸ்டர்?"

"பொண்ணுதான்."

"பெரியவளுக்கு இப்பவே சந்தோஷம் தாங்காது. தங்கச்சிதான் வேணும்னு ஒரே பிடிவாதம்."

அறுக்கிறவர் கதவருகே நின்று குழந்தையை எட்டிப் பார்த்தார். மரத்தூள் ஒட்டிய கைகளை வேட்டியில் துடைத்தார். அவர் முகம் சிரித்துச் சிரித்துக் களைத்திருந்தது.

"சிஸ்டர், அவளை வண்டியிலேயே உக்கார வெச்சிட்டீங்களா? தூங்கிட்டாளா?"

"யாரை?"

"பெரியவளைத்தான். எனக்கு இவளை விட்டு வர முடியல. அவதான், நான் டார்ச் பிடிக்கிறேன்ப்பான்னு ஓடினா. பயப்படாத, சிஸ்டர் வந்ததும் உன்னை ஏத்திக்குவாங்க, ரோட்டுல யார் நின்னாலும் இறங்கிக் கேட்டுட்டுத்தான் அவங்க வண்டியை எடுப்பாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். பனியில உங்களுக்குத் தெரியலேன்னா கிட்டப் போய் வண்டியைத் தட்டுன்னேன்."

அவள் எழுந்தாள். எப்படி முற்றத்துக்கு வந்தாள் என்று தெரியவில்லை. மழை நின்றிருந்தது. பின்னால் அவர் குடையோடு வந்தார். "குட்டிம்மா" என்று வண்டியைப் பார்த்துக் கூப்பிட்டார். "குட்டிம்மா, தங்கச்சி வந்தாச்சு."

அவள் ஏறினாள். பின் இருக்கை காலி. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமித் தணிந்தது. பிளாஸ்திரியின் நுனியை நகத்தால் கிளப்பினாள். ஒரு பட்டை. இரண்டாவது. கை நிற்கவில்லை. மூன்றாவது.

நீலச் சேறு. பழைய பாதங்கள், விரல்களை இந்தப் பக்கம் வைத்து, அசையாமல்.

பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொரு ஜோடி. சற்றே பெரியது. அது அசைந்தது. குளிரில் ஒரு பாதத்தின்மேல் இன்னொரு பாதத்தைத் தேய்த்தது. மாற்றித் தேய்த்தது.

"இங்க எங்கேயாவது ஒளிஞ்சிருப்பா, கள்ளி" என்று சொல்லிக்கொண்டே அறுக்கிறவர் பானட்டைச் சுற்றி முன்னால் போனார். அவருடைய அகன்ற வெடித்த பாதங்கள் திரைக்குள் வந்து நின்றன. அந்தப் புதுப் பாதங்கள் தேய்ப்பதை நிறுத்தின. அவரை நோக்கித் திரும்பின. குதிகால் எழும்பி, விரல் நுனியில் நின்றன, தூக்கச் சொல்லும் குழந்தை போல.

"இங்க யாரையும் காணோமே, சிஸ்டர்" என்றார் அவர்.