மேசைக்கல்லில் உட்கார்ந்த ஆமை

கடைக்குப் போய்விட்டு வர மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். எனக்கு முப்பது. அதனால் வீட்டில் எனக்கு ஆமை என்று பெயர். பள்ளியிலும் அதே பெயர்தான். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

தாமதத்துக்குக் காரணம் நான் இல்லை. எரிமலை.

அது எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கிறது. எப்போதோ ஒருமுறை பொங்கியதாம். வழிந்த நெருப்புக் குழம்பு ஆறி, எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே கறுப்புப் பாறைக் காடாகக் கிடக்கிறது. சில இடங்களில் மேலே இருந்தது முதலில் ஆறிக் கல்லாகிவிட்டது. அடியில் இருந்தது நழுவி ஓடிவிட்டது. மேலே ஓடு, உள்ளே காலி.

போன வருடம் அப்படி ஒரு கல்லுக்குள் என் கால் முழங்கால்வரை போனது. கால் திரும்பி வந்தது. செருப்பு வரவில்லை. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு எரிமலை என்ன செய்கிறதோ!

அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லையும் குதிகாலால் தட்டிப் பார்த்துத்தான் மிதிப்பேன். ‘டக்’ என்றால் கெட்டி. ‘டொம்’ என்றால் சுற்றிப் போக வேண்டும்.

என் அம்மாவின் வேலையே கீழே விழுவதுதான். சண்டைப் படத்தில் கதாநாயகி மாடியிலிருந்து குதிப்பார் இல்லையா? குதிப்பது எங்கள் அம்மா. எழுந்து நின்று தலைமுடியைக் கோதிக்கொள்வது கதாநாயகி.

“சும்மா புளுகாதே. எந்தப் படத்துல உங்கம்மா முகம் தெரியுது, காட்டு?” என்பான் என் பக்கத்து பெஞ்சுக்காரன்.

முதுகுதான் தெரியும். முதுகைக் காட்டி “இது எங்கம்மா” என்றால் யார் நம்புவார்கள்?

அந்தச் சனிக்கிழமை எங்கள் பாறைக் காட்டிலேயே படப்பிடிப்பு.

“அஞ்சு கிலோ உருளைக்கிழங்கு வாங்கிட்டு நேரா வீட்டுக்குப் போ. அங்க வந்து வேடிக்கை பார்த்துட்டு நிக்காதே,” என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனார்.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. வீட்டுக்கு நேர் வழி அதுதான். கொஞ்சம் வளைந்த நேர் வழி.

உயரமான பாறையின்மேல் சிவப்பு உடையில் அம்மா நின்றார். அதே உடையில் கதாநாயகி குடைக்கடியில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். கீழே இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்தினார்.

“அங்கிருந்து குதிச்சு, இந்தத் தட்டைக் கல்லுக்கு நடுவுல வந்து நிக்கணும்! மெத்தை வேண்டாம், கேமராவுல தெரியும்!”

எந்தத் தட்டைக் கல்? நாங்கள் மேசைக்கல் என்று கூப்பிடும் கல்! டொம்களிலேயே பெரிய டொம் அது.

ஸ்டண்ட் மாஸ்டரிடம் ஓடினேன். “மாமா, அந்தக் கல்லு உள்ள காலி!”

“நேத்தே நான் ஏறி மிதிச்சுப் பார்த்தேன் பாப்பா. நல்ல கெட்டி.”

“எங்க மிதிச்சீங்க?”

“இதோ, இங்க.”

“அது ஓரம். நடுவுலதான் காலி.”

“யாருப்பா அந்தக் குழந்தை? வெளிச்சம் போகுது, நகரும்மா!” என்றார் இயக்குநர்.

சினிமாவாக இருந்தால் கதாநாயகி இந்த இடத்தில் பறந்து வந்து நாலு பேரை உதைப்பார். நான் உதைத்தால் நானே விழுவேன். எனக்குத் தெரிந்த ஒரே சண்டை, நகராமல் இருப்பது.

மேசைக்கல்லின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உருளைக்கிழங்குப் பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“எழுந்திரு!”

“மாட்டேன்.”

“இங்க நூறு பேரு காத்துட்டிருக்கோம்!”

“இருங்க. குதிக்கிறது எங்கம்மா ஒருத்தர்தானே?”

“உள்ள காலின்னா நீ எப்படி அதுல உட்கார்ந்திருக்கே?”

“ஓரத்துலதான் சார் உட்கார்ந்திருக்கேன். எனக்கும் பயம் இருக்குல்ல?”

யாரோ சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஆமை, தட்டிப் பார்த்தியா?”

“நிறைய தடவை. டொம்!”

“அப்போ நான் குதிக்கல சார்.”

“நீங்க இல்லேன்னா வேற ஆளு!” என்று இயக்குநர் கத்தினார். “குதிக்க எனக்கு ஆளா இல்லை?”

அந்த வேற ஆளுக்கும் இரண்டு கால்தானே இருக்கும்? என் மடியில் இருந்த பையைப் பார்த்தேன்.

“சார், முதல்ல இது குதிக்கட்டும். கல்லு உடையலேன்னா நான் நகர்ந்துடறேன். சத்தியமா.”

“உருளைக்கிழங்கா?” இயக்குநர் தலையில் கை வைத்தார். “சரி, போட்டுத் தொலைங்க!”

மாஸ்டர் பையைக் கயிற்றில் கட்டினார். அம்மா மேலே இழுத்துக்கொண்டார். நான் கல்லை விட்டுத் தூரமாகப் போய் நின்றேன். கேமராக்காரர் பழக்க தோஷத்தில் கேமராவை ஓடவிட்டார்.

தொப்!

ஒன்றும் ஆகவில்லை. இயக்குநர் என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தார்.

மடக்!

மேசைக்கல்லின் நடுப்பகுதியைக் காணோம். ஓர் ஆளையே விழுங்கும் அளவுக்குக் குழி. பை கிழிந்து, உருளைக்கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே குதித்தன. ஒன்றே ஒன்று மட்டும் வெளியே உருண்டு தப்பித்தது.

மாஸ்டர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டரின் முகம் வெளுத்திருந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். “எந்தக் கல்லும்மா நல்ல கல்லு?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அவசரப்படவில்லை. நூறு பேரும் ஆமை வேகத்தில் என் பின்னால் வந்தார்கள். டொம். டொம். டக்!

அந்தக் கல்லின்மேல் அம்மா குதித்து, பூனை மாதிரி நின்றார். பிறகு நேராக என்னிடம் வந்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“உருளைக்கிழங்குக்கு மறுபடியும் கடைக்குப் போகணும், தெரியுமில்ல?”

“போறேன். ஆனா அரை மணி நேரம் ஆகும்.”

“ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கோ, கண்ணு.”

படம் வந்தது. வழக்கம்போல் அம்மாவின் முகம் தெரியவில்லை. ஆனால் கல் உடைந்த காட்சியை இயக்குநர் வீணாக்கவில்லை. எரிமலை வெடிக்கும் இடத்தில், அம்மா குதிப்பதற்கு அடுத்தே சேர்த்துவிட்டார். பக்கத்து பெஞ்சுக்காரனைக் கூடவே கூட்டிக்கொண்டு போனேன்.

“இடது மூலையைப் பாரு. உருண்டு வருதே, அது எரிமலைக் கல்லு இல்ல. எங்க வீட்டு உருளைக்கிழங்கு.”

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். வாயைப் பிளந்தான்.

“ஆமா, உருளைக்கிழங்குதான்! அப்போ... அந்தச் சிவப்பு முதுகு?”

“எங்கம்மா,” என்றேன், ஒவ்வோர் எழுத்தாக, ஆமை வேகத்தில்.