முந்திக்கொண்ட ஜெபம்

அவள் ஜெபத்தை முடித்த பிறகும் முணுமுணுப்பு நிற்கவில்லை.

ஒரு மூச்சு நேரம்தான். ‘மன்னிச்சிடு’ என்று சொல்லித் தன் உதடுகள் மூடிக்கொண்டது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சொல்லின் வால் மட்டும் அறைக்குள் எங்கோ இழுபட்டுப் போய் அடங்கியது. தையல்காரி கண்ணைத் திறந்தாள். வெட்டிப் போட்ட சீருடைத் துணிகள், மிஷினுக்கு மேலே தொங்கும் பல்பு, மழை ஈரம் ஊறிப் பொருக்குத் தட்டிய சுவர், அந்தச் சுவரில் அக்கா படுத்திருந்த அறையின் சாத்திய கதவு. அக்கா போன பிறகு அவள் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. கட்டிலும், முதுகில் தேய்த்துவிடும் தைலத்தின் வாடையும் உள்ளேயே அடைந்து கிடந்தன.

பக்கவாதத்தில் விழுந்த அக்காவை வருஷக்கணக்கில் அவள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள். அக்காவின் வாயில் கடைசிவரை தங்கியது ஒரே சொல்தான்: “சின்னு.” தங்கையைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

சாவுக்கு வந்தவர்கள், “பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்திருக்க மாட்டா” என்றார்கள். கேட்கக் கேட்க அவள் தலை தாழ்ந்துகொண்டே போனது. எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் மெச்சினார்கள்.

அதிலிருந்து பொழுது சாய்ந்ததும் மிஷினை மூடிவிட்டு முழங்காலிட்டாள். கடவுளிடம் தினமும் ஏதாவது ஒப்புக்கொண்டாள். எரிந்து விழுந்தேன். பொறாமைப்பட்டேன். நாளைக்குத் தருகிறேன் என்று வாடிக்கைக்காரியை ஏய்த்தேன். எல்லாம் துண்டுத் துணிகள். பெரிய துணியை அவள் விரிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு டீச்சர் வாசலில் நின்றாள்.

“ஊர்லேருந்து யாராவது வந்திருக்காங்களா?”

“இல்லையே. ஏன் டீச்சர்?”

“நேத்து சாயங்காலம் ரெண்டு பேரு பேசுற மாதிரி கேட்டுச்சு. நல்லதாப் போச்சு, துணைக்கு ஆள் வந்தாச்சுன்னு நெனச்சேன்.”

“ரேடியோவா இருக்கும்.”

அவள் வீட்டில் ரேடியோ கிடையாது.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழும் சத்தமும், சாக்கடையில் நீர் களகளக்கும் சத்தமும், ஈரத் துணியின் மக்கிய வாடையும் வீட்டை நிறைத்தன. பாயில் முழங்காலிட்டுக் கை குவித்துக் கண்ணை மூடினாள். எங்கே தொடங்குவது என்று யோசித்தாள்.

“கடவுளே, இன்னைக்கு டீச்சர்கிட்ட ரேடியோன்னு பொய் சொல்லிட்டேன்.”

அவள் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை.

குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. குளறல் இல்லாத, கணீரென்ற குரல். படுக்கையில் விழுவதற்கு முன்பு அக்காவுக்கு இருந்த குரல். அது நிறுத்தவில்லை. எரிந்து விழுந்தது, பொறாமை, வாடிக்கைக்காரி என்று இத்தனை நாளாக அவள் ஒப்புவித்ததையெல்லாம் அவள் சொற்களிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. எழுந்து ஓட நினைத்தாள். இடுப்புக்குக் கீழே கால்கள் அவளுடையவையாக இல்லை.

குரல் நின்றது.

“மீதியை நீயே சொல்லு, சின்னு.”



“கடவுளே,” என்றாள் அவள். “அன்னைக்கு நான் தூங்கலை. தூங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். மிஷின்லதான் உக்காந்திருந்தேன். அக்கா கட்டில்ல கவுந்துட்டா. மூஞ்சி தலகாணியில அமுங்கி… சின்னு, சின்னுன்னு கூப்பிட்டா. கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. நான் மிஷினை வேகமா மிதிச்சேன். சத்தம் நின்னப்புறமும் எந்திரிக்கலை. கையில இருந்த சட்டையைத் தைச்சு முடிச்சுட்டுத்தான் போனேன்.”

சொல்லிவிட்டாள். நெஞ்சில் இறுகிக் கிடந்தது பிடிவிட்டது. அக்கா செத்த நாளில்கூட வராத அழுகை இப்போது வந்தது. அழ அழ உடம்பு லேசானது. மன்னிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாள்.

தைல வாடை அடித்தது.

கதவின் இந்தப் பக்கம். மிக அருகில். கண்ணைத் திறக்க அவளுக்குத் துணிவில்லை.

“கடவுளே,” என்றது குரல். யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல நிதானமாக. “இவ சொன்னதெல்லாம் நெஜம். நீ மன்னிச்சிருப்பே. என்னால முடியலை. எவ்வளவோ பாத்துட்டேன், மனசு வரலை. அது பாவம்தான். அந்தப் பாவத்தை மன்னிச்சிடு.”

ஒரு மூச்சு.

“இப்பப் பண்ணப்போறதையும் சேத்து.”

அவள் கண்ணைத் திறந்தாள். பாயில் வேறு யாருமில்லை. அறையில் யாருமில்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. அசைந்துகொண்டிருந்தவை அவள் உதடுகள். கடைசிச் சொல் இன்னும் அவள் பல்லில் ஒட்டியிருந்தது.

குவிந்திருந்த கைகள் பிரிந்தன.

அவள் பிரிக்கவில்லை.

வலது கை மெதுவாக உயர்ந்தது. வாயைப் பொத்தியது. மூக்கைப் பொத்தியது. இடது கை அதன்மேல் வந்து படிந்தது.

அழுத்தியது.