ஒன்பதாம் நாளின் வெறுங்கை

காலை ஆறு மணிக்கெல்லாம் குடிநீர் வாயிலில் குடங்கள் வரிசை கட்டிவிடும். கடல் ஏறிவந்து கிணறுகளை உப்பாக்கிய பிறகு, புதுத் தூத்துக்குடியில் தண்ணீர் கையைப் பார்த்துத்தான் வரும். வீட்டுக்கு ஒரு நிறநூல், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள. மணிக்கட்டை நீட்டினால் கேமரா படம் எடுக்கும். நூலின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் பதிவேட்டோடு பொருந்தினால் குழாய் திறக்கும். ஓர் எண் பிசகினாலும் குழாய் திறக்காது; போலி நூல் என்று அவர் பெயர் வாயில் பலகையில் ஏறும்.

‘சமமாக இருந்தால் மட்டும்’ என்ற அந்த நிரல் வரியை எழுதியவள் எப்சிபா. ஜெபித்துவிட்டே கணினியைத் தொடுகிறவள். ஏழையின் பங்கை யாரும் திருடக்கூடாது என்றுதான் எழுதினாள்.

எட்டு நாளாகப் பலகையில் பட்டுக்கனியின் பெயர் இருந்தது. ஒன்பதாம் நாள் அவளுக்குக் குழாய் திறந்தது.

“நிஜ நூலைக் கட்டிட்டு வந்துட்டா போல,” என்று சிரித்தார் மேலாளர் தனசிங்.

எப்சிபா ஒன்பது படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். நூல் அதேதான். முடிச்சின் பிசிறுகூட அதேதான். முதல் எட்டில் நூலை ஒட்டிச் சிவப்புக் கண்ணாடி வளையல்கள். ஒன்பதாவதில் வெறுங்கை.

படங்கள் விரைவாகப் போய்ச் சேர, போன வாரம் கோப்பைச் சிறிதாக்கும் இழப்புச் சுருக்கத்தைச் சேர்த்தவளும் அவள்தான். அது கண்ணுக்குப் புலப்படாததை உதறிவிடும். பக்கத்துப் புள்ளிகளுக்கு ஒரே நிறத்தைப் பங்குவைக்கும். வளையலின் சிவப்பு நூலின் பச்சைக்குள் கசிந்திருந்தது. நூலின் சிவப்பு எண் பதிவேட்டில் முப்பத்தெட்டு, படத்தில் நாற்பத்தேழு. மற்றவர்கள் வளையலை மேலே தள்ளிவிட்டுக் கை நீட்டுவார்கள். பட்டுக்கனியுடையது நகராத இறுக்கம்.

“கோளாறுன்னு ஒரு வரி போட்டுட்டு விடும்மா,” என்றார் தனசிங்.

அவள் நடந்தே பட்டுக்கனியின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவளின் மணிக்கட்டில் கீறல் காயவில்லை.

“கழலலம்மா. அம்மிக்கல்லுல தட்டினேன். பிள்ளைக்குத் தண்ணி வேணும்லா? அவரு நடுக்கடல் சுரங்கத்துல இருக்காரு. ஆளு உசுரோட இருக்கையில வளையல உடைச்சிட்டேன்னு மாமியா காலைலேர்ந்து பேசல.”

“எட்டு நாளும் எப்படிச் சமாளிச்சீங்க?”

பட்டுக்கனி தயங்கினாள். “வரிசையில நிக்கிறவளுவ ஆளுக்கொரு டம்ளர் ஊத்துனாளுவ. சட்டப்படி தப்புதான். அவளுவ பேரப் பலகையில போட்டுறாதிய.”

“அக்கா, உங்க நூல் நிஜம். தப்பா ஒப்பிட்டது நான்.”

பட்டுக்கனி குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள். “வெயில்ல வந்திருக்கிய.” எப்சிபா ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றே வரியை மாற்றினாள்: ‘இருபது எண் வரை விலகினாலும் ஏற்றுக்கொள்.’ ஒரு வீட்டு நிறம் இன்னொன்றாகத் தெரியாதபடி, பதிவேட்டின் நிறங்களுக்கிடையே அதற்கு வேண்டிய இடைவெளி முதலிலிருந்தே இருந்தது. பலகையில் பட்டுக்கனியின் பெயரை அழித்துவிட்டு, பிழை செய்தவள் என்று தன் பெயரை எழுதினாள்.

மறுநாள் காலை வாயிலில் நின்றாள். பட்டுக்கனி கையை நீட்டினாள். அதில் ஒரு மஞ்சள், ஒரு நீலம், ஓர் ஊதா, இரண்டு பச்சை. ஒன்றுக்கொன்று அளவு சேராத ஐந்து வளையல்கள். பின்னால் நின்ற ஐந்து பெண்களின் கைகளில் ஒவ்வொன்று குறைந்திருந்தது.

எல்லா நிறமும் நூலுக்குள் கசிந்தது. குழாய் திறந்தது. எப்சிபா தலையை நிமிர்த்தவேயில்லை.