நான்காவது கோடு

கணினித் திரையின் இடது ஓரத்தில் நான்கு உயிர்க்கோடுகள் இருந்தன. இணைய ஆட்டத்தில் அவர்கள் மூன்று பேர்தான்.

அவள் கண்ணாடியைக் கழற்றி, வேலை அங்கியின் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். மேலே அவளுடைய கோடு, பச்சையாக, நிறைந்து. அதன்கீழ் மதிலுடையது. அதன்கீழ் குண்டூசியுடையது. எல்லாவற்றுக்கும் அடியில் பெயரில்லாமல் ஒன்று, நூலிழை அளவுக்குச் சிவப்பாக, அணையப்போகும் திரி மாதிரி.

"தம்பி, நம்ம கூட்டத்துல யாரையாச்சும் சேர்த்தியா?"

காதுக்கருவிக்குள் மதில் சிரித்தான். கேடயம் பிடித்து எல்லாருக்கும் முன்னால் நிற்பவன் என்பதால் அந்தப் பெயர். "உங்கள கேக்காம சேர்ப்பேனா டாக்டரம்மா? ஸ்க்ரீன் கோளாறா இருக்கும். வாங்க, குகைக்குள்ள போலாம்."

டாக்டரம்மா என்பது கேலி. அவள் வீட்டு முன்னறையில் பொய்ப்பற்கள் செய்பவள். ஆட்டத்தில் மட்டும்தான் வைத்தியச்சி. அடிபட்டவரின் கோட்டை அவள் அழுத்தினால், ஆட்டத்தில் அவள் உருவம் அவர் பின்னால் போய் நின்று, பிடரியில் உள்ளங்கையை வைக்கும். பச்சை வெளிச்சம் பரவும், போன உயிர் திரும்பக் கோடு ஏறும். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட குரல்கள் இவர்கள் இருவருடையவைதான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, அம்பெய்கிற குண்டூசி இணைப்பைத் துண்டிக்காமல் விடியும்வரை தன் மகளின் பள்ளிக்கூடக் கூத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு விதி வைத்திருந்தார்கள்: மூணு பேரா உள்ள போனா, மூணு பேராத்தான் வெளிய.

மழை மாலையைச் சீக்கிரமே இருட்டாக்கியிருந்தது. அறை முழுக்க ஈரப் பிளாஸ்டர் வாடையும், அதன் மேல் மெழுகு உருகிய வாடையும் படிந்து கிடக்க, அலமாரியில் வரிசையாக வைத்திருந்த தாடை அச்சுகள் திரையின் நீல வெளிச்சத்தில் வாயைப் பிளந்துகொண்டு, ஏதோ சொல்ல வந்து நிறுத்தியவை போல உட்கார்ந்திருந்தன.

குகையில் ஓநாய்கள் பாய்ந்தன. குண்டூசி ஒவ்வோர் அம்புக்கும் ஒரு வசவு வைத்திருப்பாள். இன்று வாயே திறக்கவில்லை. அவளுக்கு என்ன கவலையோ என்று நினைத்தபடியே வைத்தியச்சி கோடுகளைக் கவனித்தாள். வைத்தியம் பார்க்கிற விரலுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருடையது என்று கண் படிப்பதற்குள், எந்தக் கோடு ஆகத் தாழ்ந்திருக்கிறதோ அங்கே அது போய்விடும்.

போய்விட்டது. சிவப்புக் கோடு கொஞ்சம் ஏறியது.

பின்னால் சமையலறையில் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.

ஒரு காதை மட்டும் விடுவித்துக் கேட்டாள். மழை.

"என்னாச்சுக்கா?" என்றாள் குண்டூசி.

"ஒண்ணுமில்லடி. பூனை போல."

"உங்க வீட்ல பூனை ஏதுக்கா..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஒரு சுத்து வைத்தியம் போட்டுடுங்க டாக்டரம்மா," என்றான் மதில் அவசரமாக. "பெரிய ஓநாய் வருது."

போட்டாள். நான்காவது கோடு பாதிக்கு வந்தது. நடைவழியில் ஈரக் காலடி. ஒன்று. அப்புறம் இன்னொன்று. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தது போல ஒரு வாடை. அலமாரியில் தாடைகள் மெல்லக் கிடுகிடுத்தன.

"தம்பி, ஆட்டத்த நிறுத்து. வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க."

திரையில் மதிலின் உருவம் திரும்பி நின்றது. இத்தனை நாளும் அவன் முதுகை மட்டுமே பார்த்திருக்கிறாள். முகம் இப்போதுதான்.

"இன்னும் ஒரே ஒரு தடவ, அக்கா." அவன் அவளை அக்கா என்றதே இல்லை.

"யாருடா அது?"

"ஒரு வருஷமா என் வீட்ல இருந்துச்சு. அப்புறம் இவ வீட்ல. யாரு கை அத நிரப்புதோ அவங்களோட போயிடும்."

குண்டூசி அழுதுகொண்டிருந்தாள். "என் பொண்ணு பேச்சையே விட்டுட்டாக்கா. உங்களுக்குன்னா யாரும்..."

"எனக்கு நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவள் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி தொடமாட்டாள். காலடிச் சத்தமும் அறைவாசலில் நின்றுவிட்டது.

அப்போது ஓநாய் குண்டூசியின் கழுத்தைக் கவ்வியது. அவள் கோடு சரிந்தது. பாதி. கால்.

"அக்கா! காப்பாத்துங்கக்கா!"

விரல் பறந்தது. மூன்றாவது கோடு.

அதே நொடியில் மதில் கூட்டத்தைவிட்டு விலகினான். அவன் கோடு மறைந்தது. கீழே இருந்தவை ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறின. விரல் அழுத்தியபோது மூன்றாவது இடத்தில் இருந்தது குண்டூசி இல்லை.

பெயரில்லாத கோடு நிறைந்தது. பச்சை.

"மன்னிச்சிருங்கக்கா," என்றது காதுக்குள் குரல். அழுகை நின்றிருந்தது. தூரத்தில், அவள் பக்கத்திலிருந்து, ஒரு சிறுமி "அம்மா, போயிடுச்சு" என்று சொல்வது கேட்டது. பிறகு குண்டூசியும் விலகினாள்.

இரண்டு கோடுகள்.

காதுக்கருவிக்குள் மூச்சுச் சத்தம். கழற்றி மேசையில் வைத்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

திரையில் அவளுடைய உருவம் குகை நடுவே தனியாக நின்றது. தனியாக இல்லை. அதன் பின்னால் உயரமாக ஏதோ ஒன்று, பொறுமையாக, கையை உயர்த்திக்கொண்டிருந்தது.

அவள் திரும்பவில்லை.

ஈரமான உள்ளங்கை ஒன்று அவள் பிடரியில் வந்து படிந்தது. மெதுவாக. அவள் வைப்பாளே, அதே இடத்தில். அதே பக்குவத்தோடு.

மேலே இருந்த அவள் கோடு இறங்கத் தொடங்கியது.