கிண்ணத்தில் கரைந்த கஞ்சி

மருத்துவமனைத் தராசு காட்டிய எண்ணைப் பார்த்த செவிலியர் பிரீட், சிறுவன் டைக்கை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அதே எண்தான்.

"பதினாலு கிலோ இருநூறு," என்றார் அப்பாவிடம் மெதுவாக. "பத்து நாள்ல அரைக் கிலோ போயிருக்கு, மார்ட்டின்."

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பத்து வயது அக்கா க்ளோடா தராசின் எண்ணை எட்டிப் பார்த்தாள். தம்பி நன்றாகத்தானே சாப்பிடுகிறான்?

"அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பாப்போம். எடை ஏறலைன்னா வார்டுல சேர்க்கணும். ரெண்டு வாரமாவது ஆகும்."

"வார்டுல டிராக்டர் இருக்குமா?" என்று கேட்டான் நாலு வயது டைக்.

டைக்குக்குப் பிறந்ததிலிருந்தே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்றோர் உறுப்பு இருக்கிறது. சாப்பாட்டை உடைத்துச் சத்தாக்கும் நொதிகளை அதுதான் குடலுக்கு அனுப்பும். டைக்குக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் வெளியிலிருந்து நொதி கொடுக்க வேண்டும். அது ஒரு சின்ன மாத்திரைக் கூட்டுக்குள் வரும். கூட்டை விழுங்க அவனுக்குத் தெரியாது. திறந்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய குருணைகள் இருக்கும்.

அம்மா அதை ஒரு கரண்டி ஆப்பிள் மசியலில் தூவி, முதல் வாய்க்கு முன்னால் ஊட்டுவார். பத்து நாளாக அம்மா வீட்டில் இல்லை. கால்வே நகரில் சித்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, உதவிக்குப் போயிருக்கிறார். எல்லாம் அப்பாவின் பொறுப்பு.

"நான் ஒரு வேளைகூட மறக்கலையே," என்று வண்டி ஓட்டும்போது இரண்டு முறை சொன்னார் அப்பா. அது உண்மைதான்.

மறுநாள் காலை, மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அப்பா நடுவே ஓடிவந்து கஞ்சியை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி அடுப்போரம் வைத்தார். டைக் எழுந்து வருவதற்குள் ஆறிவிடக் கூடாது அல்லவா.

டைக் வந்து கரண்டியைத் தூக்கினான். கஞ்சி ஒழுகியது.

"தண்ணியா இருக்கு."

"அம்மா மாதிரி எனக்குக் கிண்ட வராதுடா ராசா. குடிச்சிரு."

க்ளோடா தன் கிண்ணத்தைப் பார்த்தாள். அதில் கரண்டி நட்ட கம்பம் மாதிரி நின்றது.

"அப்பா, ரெண்டும் ஒரே பானைக் கஞ்சிதானே?"

"ஒரே பானைதான்."

"அப்ப என்னோடது மட்டும் ஏன் களி மாதிரி இருக்கு?"

அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கும் புரியவில்லை.

"அவன் கஞ்சியில வேற என்ன போட்டீங்க?"

"குருணையைத்தான். அந்த ஆப்பிளை வாயில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் விளையாடறான். அங்க மாடெல்லாம் கத்துது. அதான் கஞ்சியிலயே கலந்துட்டேன். கன்னுக்குட்டிக்கு மருந்துப் பொடியை வெதுவெதுப்பான பால்ல கலக்குறதில்லையா, அது மாதிரி."

க்ளோடா இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "எனக்கு ஒரே ஒரு கூடு தருவீங்களா?" என்று கேட்டாள்.

தன் கஞ்சியை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியில் கொஞ்சம் குருணையைக் கலந்தாள். மறு பாதியை அப்படியே விட்டாள். இரண்டையும் அடுப்போரம் வைத்தாள். மீதிக் குருணையை ஆறிய ஆப்பிள் மசியலில் தூவி மேசைமேல் வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வெளியே ஒரு மாடு கத்தியது.

"கத்தட்டும்," என்றார் அப்பா.

கால் மணி நேரத்தில், குருணை கலந்த கஞ்சி பால் போல இளகிவிட்டது. மற்றது அப்படியே கெட்டியாக இருந்தது. ஆப்பிள் மசியலில் குருணைகள் முழுசாக, உருண்டையாகக் கிடந்தன.

"யாரு கஞ்சியைத் தின்னது?" என்றான் டைக்.

க்ளோடா மருந்துப் பெட்டியிலிருந்த சீட்டை விரித்து, விரல் வைத்துப் படித்தாள். படிக்கப் படிக்க எல்லாம் விளங்கியது.

ஒவ்வொரு குருணைக்கும் ஒரு சட்டை உண்டு. புளிப்பில் அந்தச் சட்டை கழலாது. வயிறு புளிப்பான இடம். அதைத் தாண்டிக் குடலுக்குப் போனதும், அங்கே புளிப்பு இல்லாததால், சட்டை கழன்று நொதி வேலையைத் தொடங்கும். ஆப்பிளும் புளிப்பு, அதனால் அதில் சட்டை பத்திரம். பால் கஞ்சியில் புளிப்பு இல்லை. சட்டை கிண்ணத்திலேயே கழன்றுவிடும். சட்டையில்லாமல் உள்ளே போகும் நொதியை வயிற்றின் அமிலம் வழியிலேயே அழித்துவிடும். அதிகச் சூடும் நொதிக்கு ஆகாது.

"கிண்ணத்துலயே வேலை பாத்துட்டு, உள்ள போய்ச் செத்துப்போச்சு," என்றாள் க்ளோடா.

அப்பா சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கன்னுக்குட்டி மருந்துச் சீட்டை ஒரு வரி விடாமப் படிப்பேன். என் பிள்ளையோடதைப் படிக்கலையே. பத்து நாளும் அவனை நான்தான் பட்டினி போட்டிருக்கேன்."

க்ளோடா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "பத்து நாளும் நீங்க ஒரு வேளைகூட மறக்கலைப்பா. இனிமே நான் ஆப்பிள் ஊட்டறேன். நீங்க மாட்டைப் பாருங்க."

அன்றே அப்பா பிரீட்டுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். பிறகு ஒவ்வொரு வேளையும் க்ளோடா ஊட்டினாள். மெல்லாமல் விழுங்க வைத்தாள், உடனே தண்ணீர் கொடுத்தாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். குருணை ஈறில் தங்கினால் புண்ணாகிவிடும்.

"நாக்கைத் தூக்கு."

"நீ பல் டாக்டரா?"

"ஆமா. தூக்குடா."

வெள்ளிக்கிழமை பிரீட் இந்த முறையும் டைக்கை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார்.

"பதினாலு கிலோ அறுநூறு," என்றார். "வார்டு வேண்டாம்."

அப்பா வாசல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

மருத்துவமனைக்கு எதிர்க்கடையில் மூவருக்கும் மீனும் உருளை வறுவலும் வந்தன. க்ளோடா ஆப்பிள் மசியலைத் திறப்பதற்குள் அப்பாவே கரண்டியை வாங்கிக்கொண்டார். முதலில் பாதிக் குருணை. தட்டு பாதி காலியானதும் டைக்கின் கையைப் பிடித்து நிறுத்தி, மீதியையும் கொடுத்தார்.

"இது எதுக்கு?" என்றான் டைக்.

"நீ ரொம்ப நேரம் தின்பே. முன்னாடி போனது தனியா எவ்வளவு வேலை பாக்கும்? துணைக்கு ஆள் அனுப்பறேன்."

இதைக் க்ளோடா அவருக்குச் சொல்லவில்லை. அவராகவே பிரீட்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

டைக் தட்டைக் காலி செய்துவிட்டு அக்காவின் தட்டைப் பார்த்தான். "உள்ள ஆளுங்க வேலையில்லாம சும்மா நிக்கறாங்க," என்றான்.

க்ளோடா தன் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.