யுவஸ்ரீ கழற்றிவிட்ட சோதனை

"அக்கா, அதென்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா? நீங்க எழுதினதுக்கு மேலதான நான் நீட்டி எழுதணும்?"

"அடித்தளம் போட்டது நானு. அதுல ஏறி உக்காந்து நீ டீம் லீடா? நல்லா இருக்குதுடி உன் நியாயம்!"

ரஞ்சிதாவும் யுவஸ்ரீயும் போட்ட சண்டை சிப்காட் ரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்டது. ஆலைகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் செய்கிற சின்ன ஆபீஸ். அதில் 'தொழிலாளி' என்ற மூலப்பதிவை எழுதியவள் மத்தூர் யுவஸ்ரீ. பெயர், போட்டோ, பிறந்த தேதி சரியா, அதே ஆள் ஏற்கெனவே இருக்கிறாரா என்று சோதித்துத்தான் உள்ளே விடும். அதை நீட்டி ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு பதிவு செய்துகொண்டிருந்தவள் திருநெல்வேலி ரஞ்சிதா. மூலத்தில் உள்ளதெல்லாம் புதியதற்கு அப்படியே வரும். மேலே கொஞ்சம் கூடும். திங்களன்று முதலாளியிடம் ஓட்டிக் காட்டிவிட்டால் லீட் நாற்காலி அவளுக்கு. கூட வேலை செய்கிற தினேஷ்குமார் வேறு அவளுக்குத்தான் காபி வாங்கித் தருகிறான். யுவஸ்ரீக்கு வயிறு எரியாதா பின்னே?

ஞாயிறு மதியம் ஆளில்லாத ஆபீஸுக்கு வந்து, மூலத்திலிருந்த சோதனைகளை எல்லாம் கழற்றினாள். இனி எந்தக் குப்பையும் ஏறும். நாளைக்கு ரஞ்சிதா முகத்தில் கரி.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, பக்கத்து ஆலையின் கருகிய ரப்பர் வாசம் ஜன்னல் இடுக்கில் ஊறி நுழைய, சர்வர் அறை விசிறிகள் மூக்கடைத்த ஆள் தூங்குகிற மாதிரி இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தபோது, திரையில் ஒரு பதிவு தானாக ஏறியது. பெயர் இல்லை. வந்த நேரம் மட்டும்: இப்போது.

அழித்தாள். மறுபடி ஏறியது. ஒரு வரி கூடியிருந்தது.

மூலம்: யுவஸ்ரீ.

அவள் பிறந்த தேதி நிரம்பியது. அம்மா மட்டும் கூப்பிடும் செல்லப்பெயர். கடைசியில் போட்டோ. கணினிமுன் குனிந்த முதுகு. அவள் சுடிதார். சர்வர் அறை வாசலிலிருந்து எடுத்தது.

பதறிப்போய்ச் சோதனைகளைத் திரும்பப் போட்டாள். திரை அவளையே வெளியே தள்ளியது.

'இவர் ஏற்கெனவே இருக்கிறார்.'

சர்வரை நிறுத்த உள்ளே ஓடினாள். இருட்டு. பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திங்களன்று யுவஸ்ரீ சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். நாற்காலியும் கிடைத்தது, தினேஷ்குமாரும் கிடைத்தான். பேரிகை ஊரில் கல்யாணம், பெங்களூரில் குடித்தனம். ரஞ்சிதா ஊருக்கே போய், அங்கேயே ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள்.

வாட்ச்மேன் மாதப்பன் மட்டும் அந்தச் சர்வர் அறைப்பக்கம் போவதில்லை. திறந்தால் விசிறிகள்தான். சாத்தினால், "அண்ணா, வெளிய போனது நானில்லீங்ண்ணா" என்று ஒரு குரல். கதவடியில் நாலு விரல்நுனி வெளியே நீளும்.